வேடிக்கை காட்டுதல்

சிறு குழந்தைகளை வைத்திருக்கும் நண்பர்கள் கூடும் இடங்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "பிள்ளையை எப்படி என்கேஜ் பண்ணுகிறீர்கள்?" கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறோம். கேட்பவர்களில் பலர் தமிழ் படித்தவர்கள், தமிழ் கற்பிக்கிறவர்கள். ஆனாலும் இந்த வினைக்கு ஒரு தமிழ்ச்சொல் அவர்கள் நாவில் வருவதில்லை. எங்கள் நாவிலும் நெடுநாள் வரவில்லை.

சொல் இல்லாமலில்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் அதைப் "பராக்குக் காட்டுதல்" என்பார்கள். "வேடிக்கை காட்டுதல்" என்றும் சொல்வார்கள். அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்கு வந்து, "அந்தா பாரு காக்கா" என்று விரல் நீட்டுகிற செயலுக்கு இப்பெயர். இரண்டு தொடர்களிலும் வினை ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். காட்டுதல் நிகழ மூன்று வேண்டும்: காட்டுகிறவர், காட்டப்படுவது, காண்கிறவர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது காட்டுதல் ஆகாது. "என்கேஜ் பண்ணுவது" என்று நாம் சொல்லும்போது குழந்தையும் நேரமும் மட்டுமே மிஞ்சுகின்றன. குழந்தை என்பது நிரப்பப்பட வேண்டிய ஒரு பாத்திரம். எதைக்கொண்டு நிரப்பினாலும் சரி, யார் நிரப்பினாலும் சரி, சத்தம் வராமலிருந்தால் போதும். சொல் மாறியபோது செயலும் மாறிவிட்டது என்பதே நம் வருத்தம். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

உபதேசம் செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எங்கள் மகளுக்கு நான்கு வயது. தேர்வுத்தாள் திருத்தும் நாள்களில் அவள் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் நிம்மதியாக உட்கார்ந்தவர்கள்தாம் நாங்களும். அந்த நிம்மதியின் விலை ஒரு பேருந்துப் பயணத்தில்தான் தெரிந்தது.

*

சென்ற சித்திரையில் ஒரு மாலை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாட்டி வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். வழிநெடுக மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். தென்னந்தோப்புகள், நீர் வற்றிய கண்மாய்கள், ஆலைகளின் நீண்ட சுற்றுச்சுவர்கள் என்று பார்க்க எவ்வளவோ உண்டு. மகள் எதையும் பார்க்கவில்லை. கைபேசியில் ஏதோ ஒரு பொம்மைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்களும் எதையும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில் நாங்கள் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஒன்றைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

பாதி வழியில் கைபேசியில் மின்சாரம் தீர்ந்தது. அடுத்த நொடி அவள் அழத் தொடங்கினாள். பசிக்கோ வலிக்கோ அழுகிற அழுகையல்ல அது. உடம்பை வில்லாக வளைத்து, கால்களால் முன்னிருக்கையை உதைத்து, மூச்சுத் திணற அழுதாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது. "அந்தா பாரு மலை" என்று நாங்கள் கைகாட்டினோம். அவள் எங்கள் விரலைத் தட்டிவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நம் விரல் எங்கே நீள்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லையே என்ற எண்ணம் அப்போது சுரீரென்று தைத்தது. அந்த விரலை நாங்கள் அதிகம் நீட்டியதில்லை என்பது அதற்குப் பின்னால்தான் உறைத்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு முதிய அம்மாள், மடியில் கூடையை வைத்துக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிற பேருந்திலும் அவருடைய விரல்கள் நிற்கவில்லை. எங்களை அவர் கடிந்துகொள்ளவுமில்லை, மகளைக் கொஞ்சவுமில்லை. "பிள்ளைய இங்கிட்டு விடுங்க சாமி" என்றார். பிறகு மகளிடம், "தாயி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரெண்டு ரெண்டா மொட்டு எடுத்துக் குடு பாப்போம்" என்றார்.

அழுகை உடனே நின்றுவிடவில்லை. விசும்பிக்கொண்டே ஒரு மொட்டை எடுத்து நீட்டினாள். "ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார் அம்மாள். இரண்டு வந்தன. நாரில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அடுத்த இரண்டு. காம்பு உடைந்த மொட்டு வந்தபோது, "இது ஆகாது" என்று திருப்பிக் கொடுத்தார். மகள் அதை முகத்தருகே கொண்டுபோய் ஆராய்ந்துவிட்டுத் தனியே வைத்தாள். சற்று நேரத்தில் உடைந்ததை அவளே கண்டு விலக்கத் தொடங்கினாள். பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டபோது சரம் ஒரு முழத்தைத் தாண்டியிருந்தது. இறங்கும்போது அதில் ஒரு சாணைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார் அந்த அம்மாள். காசு கொடுக்கப் போனோம். "வேலை பார்த்துச்சுல்ல, கூலி" என்றார்.

அவர் அவளுக்கு எந்த விளையாட்டும் காட்டவில்லை. தன் வேலையைக் காட்டினார். அதில் அவளுக்கு ஓர் இடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

*

இறங்கி நடந்தபோது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. காரணம், நாங்கள் நடந்துகொண்டிருந்த ஊர் பெரியாழ்வாரின் ஊர். முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் சிற்றிலக்கியம் நடத்தும்போது, பிள்ளைத்தமிழுக்கு வித்திட்டவர் அவரே என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர்கள் நாங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாகப் பருவங்களைப் பகுக்கும் பாட்டியல் மரபையும் சொல்லிக்கொடுக்கிறோம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் இது குழந்தையோடு பொழுது கழித்த அனுபவத்திலிருந்து பிறந்த இலக்கியம் என்பதைப் பாடமாக நடத்தியதில்லை. தேர்வில் கேட்க மாட்டார்கள்.

எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கருதும் காலத்தில், இந்த ஊரில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய ஒருவர், தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனை வளர்த்தார். திருப்பல்லாண்டு நீங்கலாக 461 பாசுரங்கள் கொண்ட அவருடைய திருமொழியின் முதற்பகுதியை, பக்தி, தத்துவம் எல்லாவற்றையும் ஒரு கணம் ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் பொழுது எப்படிக் கழிந்தது என்பதற்கு இதைவிட விரிவான பதிவு நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

தொட்டிலில் இட்டுத் தாலாட்டுகிறாள் தாய். நிலவைக் காட்டி, வந்து என் பிள்ளையோடு விளையாடு என்று அதை அழைக்கிறாள். வராவிட்டால் பொல்லாங்கு வரும், இவனைச் சிறியவன் என்று எண்ணிவிடாதே என்று நிலவையே மிரட்டுகிறாள். கைகொட்டச் சொல்கிறாள். தளர்நடை நடக்கச் சொல்கிறாள். பின்னாலிருந்து வந்து பிள்ளை முதுகைக் கட்டிக்கொள்ளும் சுகத்துக்கென்றே ஒரு பதிகம் இருக்கிறது. பிள்ளை பூச்சாண்டி காட்டிப் பெரியவர்களை அச்சுறுத்துவதும், பெரியவர்கள் அஞ்சுவதும் இன்னொரு பதிகம்.

எங்களுக்கு இப்போது பெரிதாகப் படுவது இவற்றுக்கு அடுத்த பதிகங்கள். காது குத்த வேண்டும்; பிள்ளை மறுக்கிறான்; தின்பண்டங்களைச் சொல்லி ஆசை காட்டுகிறாள். குளிப்பாட்ட வேண்டும், வர மாட்டேன் என்கிறான், அப்பம் சுட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறாள், புழுதி படிந்த உடம்போடு உன்னைக் கண்டால் நப்பின்னை சிரிப்பாள் என்று கேலியும் செய்கிறாள். தலை வார வேண்டும். காக்கையைக் கூப்பிட்டு, வந்து இவனுக்குக் குழல் வாரிவிடு என்கிறாள். கன்று மேய்க்கப் போகிறவனுக்குக் கோல் வேண்டும். அதையும் காக்கைதான் கொண்டுவர வேண்டும். பூச்சூட்ட வேண்டும், ஒவ்வொரு பூவாகப் பெயர் சொல்லி அழைக்கிறாள். அந்தி மயங்குகிறது, கண்ணேறு கழிக்கக் காப்பிட வேண்டும், வா வா என்கிறாள்.

இவை எவையும் விளையாட்டு நேரம் என்று தனியே ஒதுக்கப்பட்டவை அல்ல. அன்றாட வீட்டு வேலைகள். வேலை நடக்க வேண்டும், பிள்ளையும் மகிழ வேண்டும் என்ற நெருக்கடியில் தாய் கண்ட வழிகள். பிள்ளையை வேலையிலிருந்து விலக்கிவைத்துவிட்டு அவள் வேலையை முடிக்கவில்லை. வேலைக்குள்ளேயே நிலவையும் காக்கையையும் அழைத்துக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறாள். மல்லிகை கட்டிய அம்மாள் பேருந்தில் செய்ததும் இதுவே. அவர் திருமொழி படித்தவரா என்று எங்களுக்குத் தெரியாது. படித்திருந்த நாங்கள் செய்யவில்லை என்பது தெரியும்.

வேலைக்குள் குழந்தையைச் சேர்த்தால் வேலை கெடும் என்பதையும் நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். சிறு கைகள் அளைந்த கூழ் அமிழ்தினும் இனியது என்று வள்ளுவர் சொன்னதை மேடைகளில் கேட்டுக் கைதட்டுகிறோம். குறுகுறுவென நடந்து வந்து, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளைகளைப் புறநானூற்றில் பாடியவன் ஒரு பாண்டியன், அறிவுடை நம்பி. பாடியவர்கள் சிந்திய சோற்றைக் கண்டுகொண்டுதான் பாடினார்கள். நாம் குறளைச் சுவரில் மாட்டிவிட்டு, சோறு சிந்தாமலிருக்கக் கைபேசியைக் காட்டி ஊட்டுகிறோம்.

*

இங்கே நியாயமான மறுப்புகள் எழும். எழ வேண்டும்.

முதல் மறுப்பு: ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் புதிதானதைக் கண்டு அஞ்சுகிறது, இதுவும் அத்தகைய அச்சம்தானே? எங்கள் சிறுவயதில் கதைப்புத்தகத்துக்கும் இதே வசைதான் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்து அடி வாங்காத பையன்கள் எங்கள் தெருவில் குறைவு. நிலவின் பெயரையே தாங்கி 1947 முதல் வந்த அம்புலிமாமாவைக்கூட, படிப்பைக் கெடுக்கும் என்று பூட்டிவைத்த வீடுகள் உண்டு. அந்தப் பெரியவர்களின் இடத்தில் இன்று நாங்கள் நிற்கிறோமோ என்ற ஐயம் எங்களுக்கும் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. காமிக்ஸ் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அது முடிந்ததும் பையன் தெருவுக்கு வந்து தானே மாயாவி ஆனான். திரையில் ஒரு படம் முடியும் முன்பே அடுத்தது தானாகத் தொடங்குகிறது. குழந்தை கண்ணெடுக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. அதில் சலிப்புக்கு இடமில்லை. சலிப்பு வராத பிள்ளை தானாக எழுந்து ஒரு குச்சியை எடுத்துக் குதிரையாக்குவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையில் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகிறது என்றும், தானும் இன்னொருவரும் ஒன்றையே சேர்ந்து பார்க்கிறோம் என்ற அந்த அறிதல் மொழி கற்பதற்கு முந்தைய முக்கியமான படி என்றும் உளவியலார் சொல்கிறார்கள். பெரியாழ்வாரின் பிள்ளையும் தன் சிறு கையால் நிலவைச் சுட்டிக் காட்டுகிறான். பிள்ளை சுட்ட, தாய் பார்க்க, இருவருக்கும் பொதுவாக வானில் ஒன்று நிற்கிறது. கைபேசியில் நிலவு இதைவிட அழகாகத் தெரியலாம். ஆனால் பிள்ளை அதைச் சுட்டும்போது பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை. நாங்கள் அடுத்த அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. இதெல்லாம் நேரம் உள்ளவர்களுக்குத்தானே? ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணியை விசைத்தறிகள் நெய்கின்றன. ஆலையில் முறைவேலை பார்த்துவிட்டு வரும் ஒரு தாயிடம் போய் நிலவைக் காட்டச் சொல்வது கொடுமை. பூக்கூடைக்கு அருகில் குழந்தையை உட்காரவைக்கலாம். ஓடுகிற தறிக்கு அருகில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அவளுடைய கைபேசி அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தைத் தருகிறது. அதைக் குற்றம் சொல்கிறவர் முதலில் அவள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிவைக்கட்டும்.

இந்த மறுப்பை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். வேலையும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் பலருக்கு முடிந்துவிட்டது. அப்படி முடிந்தபோது, குழந்தைக்குக் காட்டும் பொறுப்பைச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். சட்டத்துக்கு அது தெரிந்திருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கி, அதன் வழியே அங்கன்வாடிகள் வந்தன. அங்கே சத்துமாவு மட்டுமல்ல, பாட்டும் கதையும் விளையாட்டும் கொடுக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதிதான். ஊழியர் ஒருவர் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டிப் பாடுவதைப் பார்த்திருக்கிறோம். அது சப்பாணிப் பருவமல்லாமல் வேறென்ன?

ஆனால் நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தார் அங்கன்வாடியை ஏழைகளுக்கானது என்று ஒதுக்கிவிட்டோம். கட்டணம் கட்டி நாங்கள் மகளைச் சேர்த்த ஒரு மழலையர் பள்ளியில், மதியத்துக்கு மேல் பிள்ளைகளைப் பெரிய தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளைகள் அமைதியாக இருந்தன. அந்த அமைதியைக் கண்டு அன்று நாங்கள் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது மறுப்பு பெண்களிடமிருந்து வரும்: வேடிக்கை காட்டும் வேலை கடைசியில் எங்கள் தலையில்தானே விழும்? விழுகிறது. ஆனால் இம்மரபைத் தொடங்கிவைத்தவர் ஓர் ஆண் என்பதை ஏனோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விஷ்ணுசித்தர் தாயாகிப் பாடினார். கோதையைத் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்தவரும் அவரே என்கிறது மரபு. ஒரு தகப்பன் தலை வாரிவிடுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் இதைவிடப் பெரிய முன்னுதாரணம் தேவையில்லை. எங்களில் தகப்பனானவர் இப்போது தினமும் காலையில் மகளுக்குத் தலை வாரிவிடுகிறார். வகிடு நேராக வருவதில்லை. காக்கை மட்டும் தவறாமல் சன்னல் கம்பியில் வந்து உட்காருகிறது. முந்தைய நாள் சோற்றில் ஒரு பிடி வைப்பதனால்தான் வருகிறது என்பதை மகளிடம் சொல்லவில்லை.

*

வீட்டிலாவது நாலு சுவர் இருக்கிறது; பயணத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் போனோம். இரவு முழுதும் ஓடும் வண்டி அது. கைபேசியைப் பையின் அடியில் வைத்தோம். என்ன நடந்தது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறோம்.

புறப்படும்போதே அவளுக்கென்று ஒரு துணிப்பை கொடுத்து, தண்ணீர்ப் புட்டியும் மூவருக்குமான தட்டுகளும் உன் பொறுப்பு என்றோம். அதை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை. புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போயிருந்தோம். ஒற்றையா இரட்டையா விளையாடினோம். ஒரு முழ நூலை விரல்களில் மாட்டித் தொட்டிலும் கட்டிலும் ஆக்கினோம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டை அக்குள் வரை ஊரவிடும் விளையாட்டை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். எதிர் இருக்கைப் பெரியவருக்கும் அதைச் செய்து காட்டினாள். இருட்டியதும் அடுத்து வரும் நிலையத்தில் எத்தனை விளக்கு இருக்கும் என்று பந்தயம் கட்டினோம். இடையில் முக்கால் மணி நேரம் கடுமையாகச் சலித்துக்கொண்டாள், அழவும் செய்தாள். அப்போது ஒன்றும் செய்யாமல் அவளைச் சன்னலோரம் விட்டுவிட்டோம். கொஞ்ச நேரத்தில் சன்னலில் தெரிந்த தன் நிழலோடு பேசத் தொடங்கிவிட்டாள். திரும்பி வரும்போது எங்களுக்கே களைப்பு மிகுந்துவிட, அரை மணி நேரம் கைபேசியில் ஒரு கதையைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். யானை ஏன் அழுகிறது என்று கேட்டாள், சொன்னோம். அதில் குற்றவுணர்வு ஏதும் இல்லை. சேர்ந்து பார்த்தால் திரையும் ஒரு சன்னல்தான் என்று தோன்றியது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தையை எப்போதும் நாம்தான் மகிழ்விக்க வேண்டும் என்பதில்லை. அது தானாக விளையாடும்போது விலகி நிற்பதும் ஒரு கலை. அதையும் இவ்வூர்தான் சொல்லித் தருகிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், முதுகு நோகக் குனிந்து மணலில் சிற்றில் கட்டிய சிறுமியர் அதைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுகிறார்கள். இடிக்கப்போவது மணல் வீடுதானே என்று ஆண்டாள் நினைக்கவில்லை. அது அவர்களுடைய நாள் முழுவதன் உழைப்பு. நாம் கூடத்தைப் பெருக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தை அடுக்கிவைத்த டப்பாக்களைக் கணத்தில் கலைக்கிறோம்; "சீக்கிரம் கிளம்பு" என்று பாதிக் கதையில் பொம்மையைப் பிடுங்குகிறோம். சிற்றில் சிதைப்பவன் கண்ணனாக இருந்தால் காவியமாகலாம். நாம் சிதைத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது துயரம் மட்டுமே.

*

சென்ற வாரம் மகளை ஆண்டாள் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். ஆண்டாளின் தோளில் அமரும் கிளியை அவளுக்குக் காட்டினோம். மரவள்ளி இலையை மடித்து உடலும் மாதுளம்பூவால் அலகும் வைத்து நாள்தோறும் புதிதாகச் செய்யும் கிளி அது. இன்று செய்தது நாளைக்கு இல்லை என்று சொன்னதும் அவளுக்கு முதலில் வருத்தமாயிருந்தது. பிறகு, "அப்ப நாளைக்கும் செய்வாங்களா?" என்று கேட்டாள். செய்வார்கள் என்றோம்.

வீட்டுக்கு வந்ததும் கிளி செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மரவள்ளிக்கு எங்கே போவது? கொல்லையில் இருந்த வாழையிலையைக் கிழித்து, ஈர்க்குச்சியால் குத்தி, ஒரு காய்ந்த மிளகாயை அலகாகச் செருகினோம். மிளகாய்க் கையோடு கண்ணைத் தொடாதே என்று நூறு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. கிளி என்று சொன்னால்தான் கிளி என்று தெரியும். மறுநாள் காலையில் வதங்கிச் சுருண்டு கிடந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. எங்களில் ஒருவர் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்த நேரம் பார்த்து, கையில் புது வாழையிலையோடு வந்து நின்றாள்.

பாடக்குறிப்பு அன்று எழுதப்படவில்லை.